கலம் தன்னைத் தானே உண்ணுமா? ஓர் இரத்தப் புற்றுநோயும் ஒரு தவறான நம்பிக்கையும்



இம்மாத மருத்துவ உரையை எழுத்திலும் தருமாறு பலர் கேட்டிருந்தீர்கள். வானொலியில் நேரம் குறைவு. ஆகவே அங்கே சொல்ல இடமில்லாமற் போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் வைத்தியர் அல்லன். ஒஸ்லோவில் ஆய்வுகூடமொன்றில் இரத்த மாதிரிகளை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். அந்த வேலையில் கற்றதையும், அதையொட்டி வாசித்தறிந்ததையும் எங்கள் மொழியில் பகிர்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு சொல் பரவிய கதை

"ஓட்டோபாஜி" என்ற சொல்லை இப்போது கேள்விப்படாதவர்கள் குறைவு. 2016இல் யப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஒசுமி அவர்களுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கலங்கள் தம் உள்ளுறுப்புகளையே எவ்வாறு உடைத்து மீளப் பயன்படுத்துகின்றன என்பதைக் கண்டறிந்ததற்காகவே அப்பரிசு. அன்று தொடக்கம் எங்கள் கைத்தொலைபேசிகளுக்கு விதவிதமான செய்திகள் வந்து சேர்கின்றன. "மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பு புற்றுநோயைத் தானே தின்றுவிடும், நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள்" என்பது ஒன்று. "எங்கள் முன்னோர் கந்தசஷ்டி விரதத்தை இதற்காகத்தான் வைத்தார்கள்" என்பது இன்னொன்று.

இவற்றை வாசித்துச் சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகனுக்கு இரத்தப் புற்றுநோய். சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. வேறொரு நாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் அந்த ஓட்டோபாஜிக் காணொளியை அனுப்பியிருக்கிறார்.

"தம்பி, குளிசையை நிப்பாட்டிப்போட்டு அவனை விரதம் பிடிக்கச் சொல்லலாமோ?" என்று கேட்டார்.

"அம்மா, இதை வைத்தியரிட்டைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"அவையிட்டை இதையெல்லாம் எப்பிடிக் கேக்கிறது? வெக்கமாக் கிடக்கு" என்றார்.

குளிசையை ஒரு நேரமும் நிறுத்தக்கூடாது என்று உடனேயே சொன்னேன். ஏன் என்பதை விளக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது. அவருடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன். ஏனென்றால் அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி அல்ல. அவருடைய மகனுக்கு வந்த அந்த நோய்க்கும் ஓட்டோபாஜிக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பைக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று இதே ஒஸ்லோவிலேயே நடந்தது. ஆனால் அந்தத் தொடர்பு காணொளியில் சொல்லப்பட்டது போன்றதல்ல.

கலத்துக்குள் ஒரு குப்பைக்கிடங்கு

ஊரில் எங்கள் வளவின் ஒரு மூலையில் குப்பைக்கிடங்கு இருக்கும். முற்றம் கூட்டிய சருகும் சமையற்கட்டுக் கழிவும் அதற்குள் போகும். சில மாதத்தில் அது உக்கி எருவாகி வாழைக்கும் தென்னைக்கும் போகும். எதுவும் வீணாவதில்லை. எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இதேபோன்ற ஓர் ஏற்பாடு இருக்கிறது.

1955இல் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி கிறிஸ்ரியன் டி டூவ் அவர்கள், கலத்துக்குள் சமிபாட்டு நொதியங்கள் நிரம்பிய சிறு பைகள் இருப்பதை வெளியிட்டார். அவற்றுக்கு இலைசோசோம் என்று பெயர். கலம் தன் சொந்தப் பகுதிகளையே அப்பைகளுக்கு அனுப்பிச் சிதைக்கிறது என்பது பின்னர் தெரிந்தபோது, 1963இல் அச்செயலுக்கு ஓட்டோபாஜி என்று அவரே பெயரிட்டார். கிரேக்க மொழியில் "தன்னை உண்ணல்" என்று பொருள். நாம் தன்னுண்ணல் என்று சொல்லலாம். 1974இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தன்னுண்ணல் நடக்கும் விதம் இதுதான். பழுதான ஒரு பகுதியைச் சுற்றி இரட்டை மென்சவ்வு ஒன்று வளர்ந்து, அதை ஒரு பைபோல மூடுகிறது. அந்தப் பை இலைசோசோமுடன் இணைகிறது. உள்ளே இருப்பது சிறு கூறுகளாக உடைந்து, மீண்டும் புதிய புரதங்கள் செய்யப் பயன்படுகிறது. இதை எந்தப் பரம்பரையலகுகள் நடத்துகின்றன என்பது நீண்டகாலம் தெரியாமல் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஒசுமி அவர்கள் அப்பம் நொதிக்க உதவும் மதுவத்தை எடுத்து, அதற்கு உணவு கொடுக்காமல் வாடவிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். உணவில்லாத மதுவக் கலம் தன்னுண்ணலைக் கூட்டுவதைக் கண்டார். பின்னர் அதற்குரிய பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்.

"பட்டினி" என்ற சொல் இந்தக் கதைக்குள் வந்த வழி இதுவே. மதுவம் ஒரேயொரு கலம் கொண்ட உயிர். வெளியே சீனி இல்லையென்றால் அதற்கு உள்ளேயும் இல்லை. மனிதன் அப்படியல்ல. நாம் ஒருநாள் சாப்பிடாவிட்டாலும் ஈரலும் கொழுப்பும் தம் சேமிப்பை எடுத்துக் கொடுத்து இரத்தத்தின் சீனியளவைக் காத்துக்கொள்ளும். மதுவத்தில் கண்டதை அப்படியே நோயாளி ஒருவருக்குப் பொருத்திவிட முடியாது.

முதிர மறுக்கும் கலங்கள்

இனி அந்தத் தாயாரின் மகனுக்கு வந்த நோய்க்கு வருகிறேன். அதன் பெயர் அக்கியூட் புரோமைலோசைற்றிக் லூக்கேமியா. சுருக்கமாக ஏ.பி.எல். என்பார்கள். கடும் மைலோயிட் வகை இரத்தப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்றளவுக்கு இது வரும். முதியவர்களை மட்டுமல்ல, இளவயதினரையும் நடுத்தர வயதினரையும் தாக்கும் நோய் இது.

எங்கள் இரத்தக் கலங்கள் என்பு மச்சையில் பிறக்கின்றன. கிருமிகளோடு போராடும் நடுநிலைநாடி என்ற வெண்கலம் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி உருவாகிறது. ஒவ்வொன்றும் படிப்படியாக முதிர்ந்து, தன் வேலையைச் செய்து, சில நாட்களில் இறந்துபோகும். இந்த முதிர்வைத்தான் உயிரியல் பாடத்தில் "வியத்தமடைதல்" என்று படித்தோம். ஏ.பி.எல். நோயில் கலங்கள் புரோமைலோசைற் என்ற இடைப்படியிலேயே நின்றுவிடுகின்றன. முதிர்வதும் இல்லை, இறப்பதும் இல்லை, பெருகிக்கொண்டே போகின்றன. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் எவரும் அடுத்த வகுப்புக்கு ஏறாமல் இருக்க, கீழிருந்து புதிய பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தால் அந்த வகுப்பறை என்னவாகும்? என்பு மச்சையின் நிலையும் அதுதான். செங்கலங்களுக்கும் குருதிச் சிறுதட்டுகளுக்கும் இடமில்லாமற் போகிறது.

இந்த நோயைத் தனியொரு நோயாக முதலில் விபரித்தவர் ஒரு நோர்வீஜிய வைத்தியர் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. 1957இல் லைஃப் ஹில்லெஸ்தாட் என்பவர் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். மூவரும் கடுமையான இரத்தப்போக்குடன் சில வாரங்களுக்குள்ளேயே இறந்தார்கள். கடும் இரத்தப் புற்றுநோய்களில் மிகக் கொடியது இதுவே என்று அவர் கருதினார். அன்றைய நிலையில் அது உண்மை. நோய்க் கலங்களில் உள்ள சில பொருட்கள் இரத்தம் உறையும் ஒழுங்கையே குழப்பிவிடுகின்றன. உறையவேண்டிய பொருட்கள் வீணாகச் செலவாகிவிட, மூளையிலும் நுரையீரலிலும் இரத்தம் கசியும். இன்றும் இந்நோயால் இறப்பவர்களில் பலர் முதல் நாட்களிலேயே, சிகிச்சை தொடங்குமுன் அல்லது தொடங்கிய உடனேயே, இரத்தப்போக்கினால்தான் இறக்கிறார்கள். இதை நினைவில் வைத்திருங்கள். இவ்வுரையின் கடைசியில் இது வேண்டியிருக்கும்.

நோயின் காரணம் பிறகுதான் தெரியவந்தது. 1977இல் சிக்காகோவில் ஜனற் ரௌலி அவர்களும் அவர் குழுவினரும், இந்நோயாளிகளின் கலங்களில் 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் தம் துண்டுகளை இடம்மாற்றிக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். அந்த இடமாற்றத்தில் இரு பரம்பரையலகுகள் ஒட்டுப்போடப்பட்டு ஒன்றாகிவிடுகின்றன என்பது 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிவந்தது. ஒட்டு மாங்கன்றில் இரண்டு மரம் சேர்வதுபோல இங்கே இரண்டு புரதம் சேர்ந்துவிடுகிறது. ஒன்று பி.எம்.எல். மற்றது ரார்-ஆல்பா. பின்னையது விற்றமின் ஏயிலிருந்து வரும் றெற்றினோயிக் அமிலத்தை ஏற்று, "இனி முதிர்" என்று கலத்துக்குக் கட்டளை கொடுக்கும் புரதம். ஒட்டுப் புரதமாக மாறியபின் அது அந்தக் கட்டளைக்குரிய பரம்பரையலகுகளைப் பூட்டிவைத்துக்கொள்கிறது. உடம்பில் வழமையாக இருக்கும் றெற்றினோயிக் அமிலத்தின் அளவு அந்தப் பூட்டைத் திறக்கப் போதாது.

கொல்லாமல் முதிரவைத்தல்

புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் கலங்களைக் கொல்வது என்றுதான் எல்லோரும் நினைப்போம். இந்நோயில் வேறொரு வழி கிடைத்தது. கொல்லவேண்டாம், முதிரவிடுவோம். முதிர்ந்தால் அவை தாமாகவே சில நாட்களில் இறந்துபோகும். இதற்கு வியத்தச் சிகிச்சை என்று பெயர்.

இதை நோயாளிகளில் நிறைவேற்றிக் காட்டியவர் சீனாவின் ஷாங்காய் நகரில் ருய்ஜின் மருத்துவமனையின் வாங் சென்யீ அவர்கள். 1980களின் நடுப்பகுதியில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இந்நோயால் இறக்கும் நிலையில் இருந்தாள். வழமையான மருந்துகள் கைவிட்டுவிட்டன. வாங் அவர்கள் அவளுக்கு அட்ரா என்ற றெற்றினோயிக் அமில மருந்தைக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். 1988இல் அவருடைய குழு 24 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. 24 பேரிலும் நோய் அடங்கியது. அவர்களில் 23 பேருக்கு அட்ரா மட்டுமே போதுமாக இருந்தது. அமெரிக்காவில் இம்மருந்துக்கு 1995இல் அனுமதி கிடைத்தது.

ஆனால் அட்ராவை மட்டும் கொடுத்தால் பலருக்கு நோய் சில மாதங்களில் திரும்பிவந்தது. அப்போது இரண்டாவது மருந்து சேர்ந்தது. அதுவும் சீனாவிலிருந்தே வந்தது. 1970களில் ஹார்பின் நகரில் சாங் டிங்டொங் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு நாட்டு மருந்தை ஆராய்ந்தார்கள். அதில் ஆசெனிக், இரசம், தேரையின் நஞ்சு ஆகிய மூன்றும் இருந்தன. அவற்றைத் தனித்தனியே பிரித்துச் சோதித்தபோது வேலை செய்வது ஆசெனிக் ஒட்சைட்டு மட்டுமே என்று தெரிந்தது. மற்றவற்றை விலக்கி, அளவைத் திருத்தி, ஊசிமருந்தாக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் அதற்கு அனுமதி கிடைத்தது.

2013இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ லோ-கோக்கோ அவர்கள் தலைமையில் இத்தாலியிலும் ஜேர்மனியிலும் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. நோயின் அபாயம் மிக அதிகமாக இல்லாத நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அட்ராவும் ஆசெனிக்கும், மறு பிரிவுக்கு அட்ராவும் வழமையான கீமோ மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் நோய் திரும்புதல் போன்ற பாதிப்பு எதுவுமின்றி இருந்தவர்கள் முதற் பிரிவில் 97 வீதம், இரண்டாம் பிரிவில் 86 வீதம். ஹில்லெஸ்தாட் அவர்கள் மிகக் கொடியது என்று எழுதிய நோய், 56 ஆண்டுகளில், கீமோ இல்லாமலே குணப்படுத்தக்கூடிய நோயாகிவிட்டது. இன்று இந்நோயின் பெயரைக் கேட்டதும் ஒரு குடும்பம் நம்பிக்கையை இழக்கத் தேவையில்லை.

ஒஸ்லோவில் கண்டது என்ன?

இனித்தான் தன்னுண்ணல் வருகிறது. அட்ராவும் ஆசெனிக்கும் செய்யும் மிக முக்கியமான வேலை, அந்த ஒட்டுப் புரதத்தை இல்லாமற் செய்வது. பூட்டைத் திறப்பது மட்டும் போதாது, பூட்டையே உடைத்து எறியவேண்டும். யார் உடைக்கிறார்கள்?

கலத்துக்குள் புரதங்களைச் சிதைக்க இரண்டு பெரிய வழிகள் உள்ளன. ஒன்று புரொட்டியசோம் என்ற சிறு இயந்திரம். அது அடையாளமிடப்பட்ட புரதங்களை ஒவ்வொன்றாக உள்ளிழுத்து நறுக்கும். மற்றது நாம் பார்த்த தன்னுண்ணல். ஆசெனிக் பி.எம்.எல். பகுதியைப் பிடித்து, அதற்கு அடையாளமிடச்செய்து, புரொட்டியசோமிடம் அனுப்புகிறது என்பது 2008இல் வெளியான ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஆகவே புரொட்டியசோமே போதும் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள்.

2010இல் அன்ன சிமோன்சன் அவர்களும் ஒஸ்லோவில் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் ஏ.பி.எல். கலங்களுக்கு அட்ராவும் ஆசெனிக்கும் கொடுத்துப் பார்த்தபோது, தன்னுண்ணல் கூடியது. தன்னுண்ணலைத் தடுத்தால் ஒட்டுப் புரதம் சிதையாமல் தங்கியது, கலங்களின் முதிர்வும் குறைந்தது. தன்னுண்ணலைத் தூண்டினால் புரதம் கூடுதலாகச் சிதைந்தது, முதிர்வும் கூடியது. அதாவது இம்மருந்துகள் கலத்துக்குள் இருக்கும் குப்பைக்கிடங்கையும் தம் வேலைக்குப் பிடிக்கின்றன. அடுத்த ஆண்டில் சீன ஆய்வாளர்கள் பி-62 என்ற புரதம் ஒட்டுப் புரதத்தைப் பற்றிக்கொண்டு தன்னுண்ணும் பைக்குள் கொண்டுசேர்ப்பதைக் காட்டினார்கள்.

மருந்து இதை எப்படிச் செய்கிறது? கலத்துக்குள் எம்ரோர் என்றொரு புரதம் இருக்கிறது. உணவு போதியளவு இருக்கும்போது அது விழித்திருந்து தன்னுண்ணலை அடக்கிவைக்கும். உணவு குறைந்தால் அது ஓயும், தன்னுண்ணல் தொடங்கும். மேற்சொன்ன மருந்துகள் அந்தப் புரதத்தின் வழியை அடக்கிவிடுகின்றன. வெளியே உணவு தாராளமாக இருந்தபோதும், "உணவு குறைவு" என்ற செய்தி கலத்துக்குள் போகிறது.

அந்தக் காணொளியில் உண்மையும் பொய்யும் பிரிகிற இடம் இதுவே. உண்மை என்னவெனில் தன்னுண்ணல் இந்நோயின் சிகிச்சைக்கு உதவுகிறது. பொய் என்னவெனில் தன்னுண்ணல் மட்டும் இருந்தால் போதும் என்பது. ஒஸ்லோ ஆய்வே இதற்குச் சாட்சி. மருந்து கொடுப்பதற்கு முன்பும் அந்தக் கலங்களில் தன்னுண்ணல் சிறிதளவில் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒட்டுப் புரதத்தில் ஒரு பகுதியை அது சிதைத்துக்கொண்டும் இருந்தது. ஆனாலும் நோய் நிற்கவில்லை. முதிர்வுக்குரிய பரம்பரையலகுகளை விடுவிப்பதற்கு அந்த மருந்தே வேண்டியிருந்தது. கட்டளையிடுவது மருந்து, கூட்டித் துடைப்பது தன்னுண்ணல். கட்டளையிடுபவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விளக்குமாற்றை மட்டும் வைத்திருந்து என்ன பயன்?

தன்னுண்ணலுக்கு இரண்டு முகம்

இன்னொரு விடயமும் சொல்லவேண்டும். தன்னுண்ணல் எப்போதும் எம் பக்கம் நிற்பதில்லை. அது கலத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு. நல்ல கலம் எது, கெட்ட கலம் எது என்று அதற்குத் தெரியாது.

2011இல் பிரான்சு ஆய்வாளர்கள், அட்ராவினால் முதிர்ந்த ஏ.பி.எல். கலங்களின் ஆயுளைத் தன்னுண்ணல் நீட்டிவிடுகிறது என்று காட்டினார்கள். முதிர்வுக்கு உதவிய அதே ஏற்பாடு முதிர்ந்த கலம் சாவதையும் தாமதப்படுத்துகிறது. நாட்பட்ட மைலோயிட் லூக்கேமியா என்ற வேறொரு இரத்தப் புற்றுநோயில், 2009இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேர்மாறான வழியைத் தேடியது. அங்கே நோய்க் கலங்கள் மருந்திலிருந்து தப்பிக்கவே தன்னுண்ணலைப் பயன்படுத்தின. ஆகவே ஆய்வாளர்கள் அதைத் தடுக்க முயன்றார்கள். தடுப்பதற்கு எடுத்த பொருள் எதுவென்று தெரியுமா? ஊரில் மலேரியாக் காய்ச்சலுக்கு நாம் கைப்போடு விழுங்கிய குளோரோகுயின். ஆய்வுகூடக் கலங்களில் அது இமற்றினிப் என்ற மருந்தின் வேலையைக் கூட்டியது. நோயாளிகளில் இவ்வழி இன்னும் வழமையான சிகிச்சையாகவில்லை.

ஒரு நோயில் கூட்டவேண்டும், இன்னொன்றில் தடுக்கவேண்டும். ஒரே நோயிலும் ஒரு கட்டத்தில் நன்மை, மறு கட்டத்தில் தடை. இப்படியான ஒன்றை வீட்டுச் சமையலறையில் இருந்து நாமாக ஏற்றி இறக்க முடியுமா?

பட்டினியும் இரத்தப் புற்றுநோயும் பற்றிய ஓர் உண்மையான ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆய்வாளர்கள் 2017இல் அதை வெளியிட்டார்கள். எலிகளை விட்டுவிட்டுப் பட்டினி போட்டபோது லிம்போபிளாஸ்டிக் வகை லூக்கேமியா தடைப்பட்டது. கைத்தொலைபேசிச் செய்திகளில் பட்டினியின் வெற்றியாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இப்படியான ஆய்வுகளே. ஆனால் அதே ஆய்வில் கடும் மைலோயிட் வகை லூக்கேமியாவுக்குப் பட்டினி எந்தப் பயனும் தரவில்லை. ஏ.பி.எல். அந்த மைலோயிட் வகையைச் சேர்ந்தது. எலி, மனிதன் என்ற வேறுபாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தத் தாயாரின் மகனுக்கு அது பொருந்தாது.

மேலும் ஒன்று. அட்ரா குளிசைகளைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே எடுக்கும்படி சொல்வார்கள். உணவோடு போனால்தான் மருந்து குடலில் நன்றாக உறிஞ்சப்படும். ஆகவே பட்டினி கிடந்தால் மருந்தின் வேலைக்கு உதவி கிடைக்காது, அதற்குக் குறுக்கே நிற்பதாகவே முடியும்.

வீட்டில் கவனிக்கவேண்டியவை

நேயர்கள் கேட்ட கேள்விகளையும் சேர்த்துச் சில விடயங்களை ஒழுங்காகத் தருகிறேன்.

முதலாவது, அடையாளங்கள். காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாய்தல், தோலில் குண்டூசி முனையளவில் சிவந்த புள்ளிகள், முரசில் இரத்தம் கசிதல், நிற்காத மூக்கு இரத்தம், வழமையைவிட மிக அதிகமான மாதவிடாய், இவற்றோடு களைப்பும் காய்ச்சலும் இருந்தால் குடும்ப வைத்தியரின் நேரம் கிடைக்கும்வரை நாட்கணக்கில் காத்திருக்கவேண்டாம். நோர்வேயில் இருப்பவர்கள் 116117 என்ற எண்ணில் அவசர மருத்துவ சேவையை அன்றே அழையுங்கள். கடும் தலையிடி, மயக்கம், பேச்சுத் தடுமாற்றம் இருந்தால் 113. இவ்வடையாளங்கள் பெரும்பாலும் வேறு சாதாரண காரணங்களாலேயே வரும். ஆனால் ஏ.பி.எல். என்றால் ஒவ்வொரு நாளும் பெறுமதியானது. அதனால்தான் வைத்தியர்கள் இந்நோயைச் சந்தேகித்தவுடனேயே, நிறமூர்த்தப் பரிசோதனையின் முடிவு வருமுன்பே, அட்ராவைத் தொடங்குகிறார்கள். இரத்தக்கசிவு இருக்கும்போது அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றைத் தாமாக எடுக்கக்கூடாது.

இரண்டாவது, சிகிச்சை தொடங்கியபின் வெண்கலங்களின் எண்ணிக்கை கூடக்கூடும். "மருந்து கொடுத்தபிறகு நோய் கூடிவிட்டது" என்று குடும்பங்கள் பயப்படுவதுண்டு. அடைபட்டிருந்த கலங்கள் முதிரத் தொடங்கும்போது இப்படி நடக்கலாம். ஆனால் அப்போது மூச்சு முட்டுதல், காய்ச்சல், கால் வீக்கம், சில நாட்களில் உடல் நிறை சடுதியாகக் கூடுதல் ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்கு அறிவிக்கவேண்டும். இதற்கு வியத்தக் கோளாறு என்று பெயர் சொல்லலாம். நேரத்துக்குத் தெரிவித்தால் டெக்சாமெதசோன் மருந்தால் கட்டுப்படுத்துவார்கள். தெரிவிக்காவிட்டால் உயிராபத்து. ஆகவே வீட்டில் நாள்தோறும் நிறை பார்த்து எழுதிவைப்பது நல்லது.

மூன்றாவது, விற்றமின் ஏ குளிசையோ கரட் சாறோ அட்ராவுக்கு மாற்று அல்ல. மருந்தின் அளவை உணவால் எட்ட முடியாது. விற்றமின் ஏயைக் கூடுதலாக எடுத்தால் அது நஞ்சாகும். சிகிச்சையில் இருக்கும்போது அதை எடுப்பது இன்னும் ஆபத்து. அட்ரா கருவில் இருக்கும் பிள்ளைக்குக் கடும் பாதிப்பை உண்டாக்கும் என்பதால், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் இதைப்பற்றி வைத்தியருடன் வெளிப்படையாகக் கதைக்கவேண்டும்.

நான்காவது, "ஆசெனிக் என்றால் எங்கள் பாஷாணம்தானே, ஊரிலிருந்து எடுப்பிக்கலாமே" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது ஆசெனிக் ஒட்சைட்டைத்தான். ஆனால் மருத்துவமனையில் அதை நாளத்தின் வழியே அளந்து ஏற்றுகிறார்கள். ஏற்றும் காலம் முழுவதும் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து பார்க்கிறார்கள், இரத்தத்தின் பொற்றாசிய அளவைக் கவனிக்கிறார்கள். அளவு சிறிது தப்பினாலும் இதயத் துடிப்பு குழம்பும். பொட்டலத்தில் வரும் பொடிக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. ஹார்பின் வைத்தியர்கள் நாட்டு மருந்தை அப்படியே ஊட்டவில்லை. பிரித்தார்கள், அளந்தார்கள், சோதித்தார்கள். அந்த மருந்து உலகத்துக்குப் பயன்பட்டது அதனால்தான்.

ஐந்தாவது, மொழி. இந்த நாட்டில் பல குடும்பங்களில் பிள்ளைகளே பெற்றோருக்கு மொழிபெயர்க்கிறார்கள். தன் தாய்க்குப் புற்றுநோய் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டி வருவது பெரும் பாரம். நோர்வேயில் 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம் பிள்ளைகளை அப்படிப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது மருத்துவமனையின் பொறுப்பு. அதற்கு நோயாளி பணம் கட்டத் தேவையில்லை. "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேட்க எவரும் கூச்சப்படவேண்டாம். மொழிபெயர்ப்பவர் எங்கள் ஆளாயிற்றே, ஊருக்குள் கதை போய்விடுமே என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. இரகசியம் காப்பது அவருக்குச் சட்டப்படி கட்டாயம். விரும்பினால் தொலைபேசி வழியாக, பெயர் சொல்லாமலும் மொழிபெயர்ப்பைக் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. எங்களில் பலர் போரிலும் இடம்பெயர்விலும் வைத்தியரும் மருந்தும் இல்லாத காலத்தைக் கடந்து வந்தவர்கள். கையிலிருந்ததைக் கொண்டு தப்பிப் பிழைத்தவர்கள். அதனால் உடம்பு தன்னைத் தானே குணப்படுத்தும் என்ற பேச்சு எங்கள் மனதைச் சட்டெனப் பிடித்துக்கொள்கிறது. அந்த நம்பிக்கையை நான் குறைசொல்லவில்லை. விரதம் பிடிப்பவர்கள் பிடியுங்கள். நோயாளி ஒருவர் பிடிக்க விரும்பினால் முதலில் சிகிச்சை தரும் வைத்தியரிடம் கேட்டுச் செய்யட்டும். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அவர்கள் இதைவிட வினோதமான கேள்விகளையெல்லாம் கேட்டவர்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இப்படியான செய்தி அனுப்பத் தோன்றினால், அதை அனுப்புமுன் "இன்றைக்கு மருந்து எடுத்தாச்சோ?" என்று ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவருக்கு நிச்சயம் உதவும்.

அடுத்த மாதம் இரத்ததானம் பற்றிக் கதைப்போம். எங்கள் இளையோர் அதில் சேர்வது எவ்வாறு, என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள் என்பதைப் பார்க்கலாம். உங்கள் கேள்விகளை வழமைபோல வானொலி நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள்.